காற்று நிற்கும் நேரம்

“மேடம், பதினொண்ணரை வரைக்கும் டைம் குடுங்க. நான் வந்து ஸ்விட்சைத் தட்டினா அரை மணியில கரண்ட்!”

“முடியாது சார். பதினொரு மணிக்குக் காத்து நின்னுடும். பேட்டரி ஒரு மணி நேரம்தான் தாங்கும். பன்னிரண்டுக்கு உங்க கரண்ட் எனக்கு வேணும். இப்பவே வேலையை ஆரம்பிங்க.”

தொலைபேசியில் மின்தொகுப்பு மையத்து அதிகாரி. குரலில் இரக்கம் மருந்துக்கும் இல்லை. ஷிப்ட் பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். காலை பத்து. காற்றாலைகள் ஓயும்போது மட்டும் ஓடுகிற எரிவாயு மின் நிலையம் அது. வாரக்கணக்கில் சும்மா கிடக்கும். இன்றைக்குத்தானா கூப்பிட வேண்டும்?

“பன்னிரண்டுக்குக் கரண்ட் வந்துடும்னுதானே மேடம் சொல்றேன்?”

“கரண்ட் வரும். கரியமில வாயுவைப் பிடிக்கிற கரைசல் சூடாக ரெண்டு மணி நேரம் ஆகுமே! அதுவரைக்கும் புகைபோக்கி மேல ஏறி நின்னு கோணிப்பையில பிடிப்பீங்களா?”

பக்கத்து நாற்காலியில் ஆபரேட்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். போன வாரம்தான் மாற்றலாகி வந்தவர்.

“பதினொரு மணிக்கு என் பொண்ணுக்குப் போட்டி மேடம். முதல் தடவையா தனியா இறங்குறா. ‘நீ வந்து நின்னாத்தான்பா தைரியமா இருக்கும்’னா. இங்க மாத்திவிட வேண்டியவர் காய்ச்சல்ல படுத்துட்டார்.”

“சார், இது பதிவாகிற லைன். வேலையை மட்டும் பேசுங்க.”

“என் வீட்டுக்காரிக்கும் இன்னைக்கு டியூட்டி. நான் போறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். போகலைன்னா வீட்டுக்குள்ள விடமாட்டா.”

மறுமுனைக் குரல் சற்றுக் கூர்மையானது.

“அவ்வளவு மோசமானவங்களா?”

“மோசம்னு சொல்லலை மேடம். பிடிவாதம் ஜாஸ்தி. ஒரு முடிவு எடுத்தா மாத்தவே மாட்டா.”

“நானும் மாத்தறதா இல்லை. ஆரம்பிங்க.”

லைன் துண்டிக்கப்பட்டது.

“கல்லுல செஞ்ச மனசு போலிருக்கு சார், அந்த மேடத்துக்கு!” என்றார் ஆபரேட்டர்.

“நீங்க உங்க மீட்டரைப் பாருங்க,” என்று எரிந்து விழுந்தார் பொறியாளர். கரைசல் தொட்டிக்கு நீராவியைத் திறந்துவிட்டார். முள் மெல்ல ஏறியது. அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கூட்டத்தில் அப்பாவைத் தேடப்போகும் மகளின் முகம்தான்.

பத்து இருபதுக்கு அவருடைய கைபேசி அடித்தது. அதே குரல்.

“என்னங்க, டீ குடிக்க வெளியே வந்திருக்கேன், இது பதிவாகாது. எனக்கா பிடிவாதம் ஜாஸ்தி? அதை வீட்டுல வெச்சுப் பேசிக்கறேன். இப்போ முகத்தைத் தூக்கி வெச்சுக்காதீங்க, போட்டியை நாளைக்கு மாத்திட்டாங்களாம். காத்து நின்னுடும்னு நான் சொன்னப்பவே உங்களுக்குத் தோண வேண்டாமா? நம்ம பொண்ணு ஓட்டறது பாய்மரப் படகுங்க!”