பல் விழாதவன்

"இந்தப் பல்லைப் பிடுங்கிடுங்க ஆன்ட்டி" என்று வாயைத் திறந்தான், இரண்டாம் வகுப்புப் பையன்.

பல் டாக்டர் தொட்டுப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கேடா. ஆடவே இல்லையே."

"கிளாஸ்ல எல்லாருக்கும் முன்பல் விழுந்துடுச்சு. எனக்கு மட்டும்தான் விழல. 'பால்குடி, விளையாட வராதே'ங்கறாங்க."

"உனக்கும் தானா விழும். பொறுத்துக்கோ கண்ணு" என்று அனுப்பி வைத்தார்.

மாலையில் வீடு திரும்பியதும், அதே வகுப்பில் படிக்கும் அவர் மகன் ஓடி வந்தான். அவன் வாயிலும் ஒரு பல்கூட விழவில்லை. டாக்டர் அவனை அருகில் இழுத்துக்கொண்டார்.

"உன்னையும் பால்குடின்னு சொல்றாங்களாடா?"

"என்னை ஏம்மா சொல்லப் போறாங்க? எனக்குப் புதுசா கறுப்பு கிரேயான் வேணும். பல்லு விழுந்த மாதிரி தெரியறதுக்கு, கிளாஸே என்னோடதை வாங்கி முன்பல்லுல பூசித் தீர்த்துடுச்சு."