ஏமாறாத வாட்ச்

ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் இருந்த வாட்ச் கடைக்குள் நுழைந்த அந்தோணிராஜ், கையில் கட்டியிருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

“இன்னாண்ணே ப்ராப்ளம்? நல்லாத்தானே கீது” என்றான் கடைக்காரன் வசந்தகுமார்.

“ஒரகடத்துல ஒரு கம்பெனில சரக்கு தூக்குத ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுதேன் தம்பி. வண்டி குலுங்குததை எல்லாம் நடைன்னு கணக்குப் போடுது. உண்மையா நடந்தா மட்டும் காட்டுத வாட்ச் வேணும்.”

வசந்தகுமார் நாலைந்தை எடுத்துப் பரப்பினான். இதயத் துடிப்பு, தூக்கம் என்று ஒவ்வொன்றின் பெருமையையும் சொன்னான். அந்தோணிராஜ் ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே உடம்பைக் குலுக்கிப் பார்த்தான். கறுப்பு வாட்ச் ஒன்று மட்டும் பூஜ்யத்திலேயே நின்றது.

“இதைக் குடுங்க.”

“டெய்லி ரன்னிங் போவீங்களாண்ணே?”

“எங்க தம்பி! எனக்கு சுகர்னு தெரிஞ்சதும் எம் பொண்டாட்டி வாங்கி அனுப்புனது அந்தப் பழசு. குவைத்துல நர்ஸா இருக்கா. நான் எவ்வளவு நடக்கேன்னு அவ போன்லயே தெரியும்.”

“அப்போ பழசையே வச்சுக்கோங்கண்ணே. நடக்கலைன்னு தெரிஞ்சா அக்கா திட்டுவாங்கல்ல?”

அந்தோணிராஜ் புது வாட்ச்சை இறுக்கிக் கட்டினான்.

“முன்னெல்லாம் நடக்கலன்னா உடனே போன் போட்டு ஏசுவா தம்பி. நான் ஃபோர்க்லிஃப்டுக்கு மாறினதும், தினமும் நல்லா நடக்கேன்னு நெனச்சு வெறும் கட்டைவிரல் படம் மட்டும் அனுப்புதா. அவ குரலைக் கேட்டு மாசக்கணக்காச்சு.”