பேரைச் சொல்லு

சமையலறைச் சுவரில் தெறித்திருந்த ரத்தத்தில் பாதி பன்றியுடையது. மீதி சாங்-ஹூனுடையது.

எலும்பு வேகும் அண்டாவைக் கிளறும் இரும்புக் கரண்டியால் மல்-சுன் மகனின் வாயில் அடித்திருந்தாள். தென்கொரியாவின் புசான் துறைமுகத்துத் தொழிலாளர்களுக்கு முப்பது வருடமாகப் பன்றி எலும்பு சூப்பும் சோறும் போட்ட கை அது. கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அடுத்த அடியை அவன் தோளில் இறக்கினாள்.

"பேரைச் சொல்லு. எவ அவ?"

"யாரும் இல்லம்மா. சத்தியமா யாரும் இல்ல."

"யாரும் இல்லாமதான் உன் பொண்டாட்டிக்கு ஹெர்பிஸ் வந்துச்சா? காத்துல பறந்து வந்துச்சா?"

காலையில்தான் கிளினிக்கிலிருந்து நர்ஸ் போன் செய்திருந்தாள். மருமகளின் அந்தரங்க உறுப்பில் வந்த புண் ஹெர்பிஸ் தொற்று என்ற சோதனை முடிவைச் சொல்லி, டாக்டரை வந்து பார்க்கும்படி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மருமகள் நா-ரேவுக்கு இது இரண்டாம் மாதம். ஐந்து வருடம் காத்திருந்து உண்டான குழந்தை.

நா-ரே மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்து போனில் படித்துக்கொண்டே இருந்தாள். குழந்தைக்குக் கண் போகலாம், மூளை பாதிக்கலாம், பிழைக்காமலும் போகலாம். படிக்கப் படிக்க அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"அத்தை, ஒருவேளை என்கிட்ட இருந்துதான்னு..."

"நீ வாயை மூடு. வீடு, கடைன்னு கிடக்கிற உன்னைச் சந்தேகப்பட எனக்கென்ன கண்ணா குருடு?" மல்-சுன் மறுபடி மகன் பக்கம் திரும்பினாள். "திருவிழாக் கூட்டத்துல விடிய விடிய வேலை பார்த்து உதடே வெடிச்சுப்போச்சேன்னு, போன மாசம் இந்த நாய்க்கு ஜின்செங் வேர் போட்டுக் கோழி அவிச்சுக் குடுத்தேன். துரைக்கு எதுல களைப்புன்னு இப்பத்தானே தெரியுது."

"அம்மா, நான் கடையை விட்டு எங்க போனேன்? மார்க்கெட்டுக்குக்கூட நீதானே போற."

அந்த நியாயம் அவளை இன்னும் வெறியாக்கியது. கரண்டியை வீசினாள். அது தட்டு அடுக்கில் பட்டு, கிண்ணங்கள் உருண்டு உடைந்தன. எலும்பு வெட்டும் கத்தியை எடுத்து, மகனின் முடியைப் பற்றிக் கழுத்தைப் பலகையில் சாய்த்தாள்.

"பெத்தவளே வெட்டிட்டான்னு ஊர் பேசட்டும். பேரைச் சொல்லு."

சாங்-ஹூன் கண்களை மூடிக்கொண்டான். கத்தியின் விளிம்பில் அவன் தோல் மெல்லக் கீறுபட்டது.

"விடுங்க அத்தை." நா-ரே எழுந்து வந்து மாமியாரின் மணிக்கட்டைப் பிடித்தாள். குரலில் அழுகைகூட இல்லை. "யார்னு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? கண்ணில்லாத குழந்தையைப் பெத்து நான் அதுகிட்ட என்ன சொல்லுவேன்? இது வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லப்போறேன். அப்புறம் இவரையும் வேண்டாம்னு சொல்லிடுறேன்."

சாங்-ஹூன் அப்போதுதான் உடைந்து அழுதான்.

மல்-சுன் அவனைச் சட்டைக் காலரைப் பிடித்துக் கிளினிக்குக்குத் தெருவில் இழுத்துக்கொண்டு போனாள். நா-ரே பின்னால் நடந்தாள். எதிர்க்கடை மீன்காரி, "என்னடி, போன ஜென்மத்துப் பகையா?" என்றாள். "என் வயித்துல பொறந்த பகை," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

கிளினிக்கில் டாக்டரம்மாள் முதலில் நிமிர்ந்து பார்த்தது சாங்-ஹூனின் முகத்தைத்தான். "யார் இப்படி அடிச்சது?"

"நான்தான். பெத்தவ," என்றாள் மல்-சுன். "உங்க முன்னாடியாவது அவ பேரைச் சொல்லட்டும்னு கூட்டிட்டு வந்தேன்."

டாக்டர் பஞ்சை நனைத்து ரத்தத்தைத் துடைத்தாள். துடைத்த கை பாதியில் நின்றது. "இந்த ஓரத்துல இருக்கிறது அடிபட்ட காயம் இல்லையே. ஆறின புண்ணோட தடம்."

"அது களைப்பா இருந்தா வர்றது டாக்டர். சின்ன வயசுலேர்ந்தே வரும்," என்றாள் மல்-சுன்.

"போன மாசம் வந்துச்சா?"

"வந்துச்சு."

டாக்டர் பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு நாற்காலியை நா-ரேவின் பக்கம் இழுத்துக்கொண்டாள். "உங்க சோதனையில வந்திருக்கிறதும் உதட்டுல வர்ற வகைதான். அந்தப் புண்ணோட அவர் உதடு உங்க மேல எங்கே பட்டாலும் அங்கே வரும். புருஷன் பொண்டாட்டிக்குள்ள நடக்கிறதுதான். இதுக்கு வேற ஒருத்தி வேண்டியதே இல்ல."

நா-ரேவின் முகம் காது வரை சிவந்தது. சாங்-ஹூன் தரையைப் பார்த்தான்.

"குழந்தைக்கு?" என்று மட்டும் கேட்டாள் நா-ரே.

"பிரசவத்துக்குக் கிட்டத்துல வந்திருந்தா பயப்படணும். இப்ப வந்ததால, அதுக்குள்ள உங்க உடம்பே எதிர்ப்பு சக்தியைச் சேர்த்துக் குழந்தைக்கும் குடுத்துடும். கடைசி மாசம் மாத்திரை தருவேன். வலி வர்ற நேரத்துல புண் இருந்தா ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். இந்தக் குழந்தையை வேண்டாம்னு சொல்லக் காரணமே இல்ல."

நா-ரே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சாங்-ஹூன் தொடலாமா கூடாதா என்று தயங்கிய கையை, அவளே இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"ஆனா எனக்கு எப்படி டாக்டர் வந்துச்சு?" என்றான் அவன். "நான் யார்கிட்டயும்..."

"உங்களுக்குக் குழந்தையிலேயே வந்திருக்கும். வீட்டுல யாருக்காவது அடிக்கடி உதடு வெடிக்கும். அவங்க எச்சில் பட்டிருக்கும், அவ்வளவுதான்."

மல்-சுன் தன் உதட்டோரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அவள் குரல் யாருடையதோ போல வந்தது.

"சின்னப்புள்ள, காரம் தாங்கமாட்டான்னு, கிம்ச்சி ஊறுகாயை என் வாயில சப்பிட்டுத்தான் இவனுக்கு ஊட்டுவேன் டாக்டர்."