ஏழு நிமிட நற்கருணை

தம்பி கதவைத் திறந்ததும் அண்ணன் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார்.

உள்ளே நற்கருணை அப்பம் வைத்த சிமிழ் இருக்கிறது, ஆண்டவரைச் சுமந்து வருகிறவன் கண்டவனோடெல்லாம் வாய் கொடுக்க மாட்டான் என்று அர்த்தம். பதினொரு மாதமாக ஞாயிறுதோறும் இதே சைகைதான்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கி நின்றான்.

நின்ற லட்சணத்தைப் பார்த்தால் போதும். வெல்டிங் பட்டறையில் பொசுங்கின கை, நகக்கண்ணெல்லாம் கரி. அந்தக் கையைக் கட்டிக்கொண்டு பக்திமான் மாதிரி ஒரு நிற்பு வேறு. முதல் புருஷன் உயிரோடு இருக்கிற ஒருத்தியைக் கூட்டிவந்து குடித்தனம் நடத்துகிறவனுக்குக் கோவிலில் கல்யாணம் ஏது, நற்கருணை ஏது? நாலு வருஷத்துக்கு முன் அண்ணன்தான் அதை மூஞ்சியில் அடித்தாற்போல் சொன்னார். அதோடு பேச்சு நின்றது.

அந்த ஒருத்தி சமையலறையில் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தம்பி பெண்டாட்டி என்று அவளை மனசுக்குள்கூடச் சொன்னதில்லை.

தலையெழுத்து, அம்மா படுத்துக் கிடப்பது இந்த வீட்டில். பக்கவாதம் வந்தபோது அண்ணன் வீட்டில் இடமில்லை. நாலே நாலு அறை, என்ன செய்வது?

கட்டிலருகே நின்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செபம் வாசித்தார். முடிந்ததும் அதைக் கழற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டு, சிமிழைத் திறந்தார்.

"கிறிஸ்துவின் திருவுடல்."

அம்மாவின் கோணிய உதடு லேசாக அசைந்தது. அதையே ஆமென் என்று எடுத்துக்கொண்டு நாக்கில் அப்பத்தை வைத்தார். சிலுவை போட்டார். கிளம்பினார். மொத்தம் ஏழு நிமிடம். நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோக அந்தக் கோவிலின் பங்கில் எட்டுப் பேர் உண்டு. தன்னைப்போல் சுத்தமாக வேலை செய்கிறவன் ஒருவனும் இல்லை என்பது அவருடைய அபிப்பிராயம். மற்றவர்களெல்லாம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள்.

தெருமுனைக்குப் போன பிறகுதான் கண்ணாடி ஞாபகம் வந்தது.

திரும்பி வந்தார். கதவு ஒருக்களித்திருந்தது.

தம்பி கட்டிலருகே மண்டியிட்டு அம்மாவின் வாய்க்குள் விரலை விட்டிருந்தான்.

விரல் வெளியே வந்தது. அதன் நுனியில் வெள்ளையாக, ஊறிக் குழைந்து, இப்போதுதான் அவர் வைத்துவிட்டுப் போன அப்பம்.

அடப்பாவி! பெற்ற தாயின் வாயிலிருந்து ஆண்டவரையே திருடுகிறானே!

அண்ணன் பதறினார். உண்மையைச் சொன்னால், அந்தப் பதற்றத்துக்குள் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. இனி பங்குச் சனமே இவனைக் காறித் துப்பும்.

"என்னடா பண்றே?"

நாலு வருஷத்தில் தம்பியிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

தம்பி எழுந்திருக்கவில்லை. அப்பத்தைப் பதனமாக ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் இறக்கினான்.

"அம்மாவால வறண்டதை முழுங்க முடியாதுண்ணா. நாக்குல வெச்சா கன்னத்துல ஒதுங்கிடும். நீங்க போனதும் எடுத்து, வெதுவெதுன்னு தண்ணில கரைச்சு, சொட்டுச் சொட்டா ஊட்டிடுவோம். முக்கா மணி நேரம் ஆகும்."

அப்போதுதான் அண்ணன் மற்றதையெல்லாம் பார்த்தார். ஸ்டூலின்மேல் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைத் துணி. கிண்ணம், ஸ்பூன். அந்த ஒருத்தி தலைமாட்டில் உட்கார்ந்து, அம்மாவைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, தொண்டையை மெல்ல நீவிக்கொண்டிருந்தாள். அம்மாவின் கண் தம்பியின் கையை விட்டு நகரவில்லை. தன்னை ஒரு ஞாயிறுகூட அம்மா அப்படிப் பார்த்ததில்லை.

அப்படியானால், இந்தப் பதினொரு மாதமும் அம்மாவுக்கு நற்கருணை கொடுத்தது யார்?

அந்தக் கேள்வியை அவர் கிட்டவே சேர்க்கவில்லை. பரீட்சைக் கூடத்தில் துண்டுச்சீட்டுப் பிடித்தே பெயர் வாங்கிய தலைமையாசிரியர் அவர். கைவசம் வேறொரு கேள்வி இருந்தது.

"விரல்ல ஒட்டினதை என்ன பண்ணுவே?"

நக்கியிருப்பான். நக்காமல் இருப்பானா? நாலு வருஷப் பசி. பூசையில் எல்லோரும் நற்கருணை வாங்க வரிசையில் போகும்போது, கடைசித் தூணோரம் நின்று வெறித்துப் பார்க்கிற பயல்தானே.

தம்பி விரலைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அதைக் கிண்ணத்திலேயே இரண்டு தடவை அலசினான்.

"இதையும் அம்மாவுக்கே குடுத்துடுவேன். என் வாயில படக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருக்கீங்கல்ல."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அண்ணனுக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

பதினொரு மாதத்துக்கு முன், இந்தச் சிமிழை முதன்முதலாகக் கையில் கொடுத்த அன்றே பங்குச்சாமியார் சொல்லியிருந்தார். அந்தப் பெண்ணை அடித்துப் பலவந்தமாகத்தான் முதலில் கட்டிக்கொடுத்தார்களாம். அது உண்மையென்றால் அந்தக் கல்யாணமே செல்லாது என்று அறிவிக்க வழியிருக்கிறது. பிறகு இவர்களுக்குக் கோவிலில் கல்யாணம் நடத்திவைக்கலாம், இருவரும் நற்கருணை வாங்கலாம். தம்பியை என்னை வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்றார்.

"சொல்றேன் சாமி" என்று அண்ணன் தலையாட்டினார்.

போன மாதம் சாமியார் மறுபடி கேட்டபோது, "சொல்லிப் பார்த்துட்டேன் சாமி, அவனுக்கு அக்கறையே இல்லை" என்றார்.

தம்பி முதல் ஸ்பூனை எடுத்துவிட்டு, அண்ணன் இன்னும் நிற்பதைப் பார்த்து நிமிர்ந்தான். ஏதோ சொல்லத்தான் நிற்கிறார் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவளும் நிமிர்ந்தாள்.

அண்ணன் வாயைத் திறந்தார்.

"தண்ணி ஆறுது, ஊட்டு" என்றார்.