ஜன்னல் டம்ளர்

பாத்திரம் கழுவும் மெஷின் ஒரு வாரமாக டம்ளர்களின் அடியில் காபிக் கறையை விட்டுவைத்தது. பழுதுபார்க்க வந்தவன் முழங்காலிட்டு வடிகட்டியைக் கழற்றும்போதே, "எந்த ஊருப்பா?" என்றாள் மரகதம். சொன்னான். "ஊர்ல எந்தத் தெரு?" அதையும் சொன்னான். மரகதம் மருமகள் செண்பகாவைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள். இப்படி வருகிறவர்களுக்கென்று அங்கே ஒதுக்கியிருந்த டம்ளரில் அவனுக்குக் காபி வந்தது. மற்றவற்றோடு ஒரே செட்டாக வாங்கியதுதான். தனியாக இருப்பதொன்றே அதன் அடையாளம். குடித்து முடித்தவன், "இதையும் போட்டு ஓட்டிப் பாத்துருவோம்மா" என்று மெஷினுக்குள் வீட்டு டம்ளர்களுக்கு நடுவில் அதைக் கவிழ்த்துக் கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தினான்.

"ஐயோ, நிறுத்துப்பா!"

"நடுவுல திறந்தா வெந்நீர் மூஞ்சில அடிக்கும்மா."

உள்ளே தண்ணீர் சுழன்று அடிப்பதைக் கேட்டபடி மரகதம் அசையாமல் நின்றாள். திறந்தபோது எல்லா டம்ளர்களும் பளபளத்தன. "ஒரு பொட்டு கறை இல்ல, பாருங்க" என்று சொல்லிவிட்டு அவன் கிளம்பினான். அவள் அவற்றை மேஜையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெயிலில் இருந்து வந்த மகன், "தண்ணி குடும்மா" என்றான். மரகதத்தின் கை நீண்டது; எந்த டம்ளரின் மேலும் இறங்கவில்லை.

செண்பகா சொம்பை எடுத்து, ஒன்று விடாமல் எல்லா டம்ளர்களிலும் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள்.