தோர்லி பிரபுவின் வெள்ளைக்கோல்

விரல்கூட அசைக்காமல், லண்டனே அதிரும்படி ஒரு பிரபுவின் மண்டையைப் புடைத்தவன் நான். மன்னரின் சவப்பெட்டி குழிக்குள் இறங்குகிறது. மெழுகுத்திரி வெளிச்சத்தில் கறுப்பு அங்கிகள் அசையாமல் நிற்கின்றன. ஊழியம் முடிந்ததற்கு அடையாளமாக, அரண்மனை அதிகாரிகள் தங்கள் மெல்லிய வெள்ளைக்கோலைத் தம் தலையிலேயே அடித்து ஒடித்துக் குழியில் போடவேண்டும். அவர்களில் ஒருவரான தோர்லி பிரபு, போன மாதம் சமையல்காரர்கள் முன்னால் சேவகனான என்னை அடித்தது அந்தக் கோலால்தான். இன்று ஊர்வலத்தில் கோல்களை ஏந்தி வந்தவன் நான். அவர் கோலுக்குப் பதிலாக, ஈட்டிக் காம்பு ஒன்றுக்கு வெள்ளை பூசி அவரிடம் நீட்டியிருக்கிறேன். சக சேவகன் அம்புரோஸ் காதில் இதைச் சொன்னால், "போய்யா, புளுகாதே!" என்கிறான். டொக்! ஒடியவில்லை. டொக்! பிரபுவின் கண்ணில் நீர். மன்னருக்காக அழுகிறாரென்று சீமாட்டிகள் உருகுகிறார்கள். பதினேழாவது அடிக்குத் தூண்களே கண்ணை மூடிக்கொள்கின்றன. துக்கத்துக்குப் போட்ட முக்காட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கும் அம்புரோஸ் முனகுகிறான்: "அடப்பாவி, நெசமாவே மாத்திட்டியே! முதல்ல ஒடியப்போறது கோலா, மண்டையான்னுதான் இப்பத் தெரியல."