துணைக்கு வந்தவள்

சிந்தர் ஊருக்குப் போகும் சாலையோரச் சுகாதார நிலையத்தில் இருந்தது ஒரே கட்டில். அதில் கிடந்து லாமி போட்ட கூச்சலில் கூரைத் தகரமே கிடுகிடுத்தது.

"ஏண்டி, நாலாவது பிள்ளைக்கா இந்த ஆட்டம்?" மருத்துவச்சி ரக்கியாவுக்கு எரிச்சல். "தலைச்சனுக்கு நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். முனகக்கூட இல்ல. அதான் பொம்பளைக்கு அழகு. உன்கூட வந்த பொண்ணப் பாரு, எவ்வளவு அடக்கமா உக்காந்திருக்கா!"

மூலையில் பாயில் சுவரோடு சாய்ந்திருந்த ஹின்டா, கால்வரை தொங்கிய முக்காட்டை இன்னும் இழுத்து மூடிக்கொண்டு தலைகுனிந்தாள்.

"அவளுக்கு..." லாமி சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது.

ஆண் குழந்தை. தொப்புள்கொடியை வெட்டி, துடைத்து, துணியில் சுற்றினாள் ரக்கியா.

"இந்தா பொண்ணே, வந்து பிள்ளைய வாங்கு."

ஹின்டா அசையவில்லை. முக்காட்டு நுனியைப் பல்லில் கடித்தபடி சரிந்து கிடந்தாள். பாய் நனைந்து சிவந்திருந்தது.

"ஐயோ அக்கா, அவளப் பாருங்க!" லாமி அலறினாள். "விடியக்காலையிலிருந்து வலி அவளுக்குத்தான். தலைச்சன், வெக்கத்துல வாயே தொறக்கல. வந்த இடத்துல எனக்கும் வலி எடுத்துடுச்சு. நான்தான் துணைக்கு வந்தவ!"